கேஷ் என்றால் காசா? ஆங்கிலச் சொல்லின் பூர்விகம் தேடக் கிளம்புகிறவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் அளந்துகொண்டிருந்தேன். “இங்கிலீஷ்ல கேஷ்னு சொல்றாங்களே, அது நம்ம காசுதான் மாமா.” வாட்ஸப்பில் வந்த சரக்குதான். ஆனாலும் சொந்தமாகக் கண்டுபிடித்த தோரணையில் சொன்னேன். மாமா முப்பது வருடம் கேஷியராக இருந்து ஓய்வுபெற்றவர். அப்பளத்தை நொறுக்கியபடியே கேட்டார்: “சரி மாப்ளே, எந்த வருஷத்துல இருந்து வெள்ளைக்காரன் அப்படிச் சொல்றான்? நம்ம ஊருக்கு வர்ற வரைக்கும் அவன் கையில பணமே பொழங்கலியா?”

பதில் இல்லை. ரசம் கேட்டுச் சமாளித்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கியவன் இன்னும் நிறுத்தவில்லை. சொல் ஆராய்ச்சிக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மாமா கேட்ட கேள்வியை வெட்கப்படாமல் கேட்கத் தெரிந்தால் போதும். எப்போதிருந்து? அப்போது எப்படி எழுதினார்கள்? எந்த வழியாக வந்தது? இந்த மூன்றையும் எப்படித் தேடுவது என்று, நான் தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்துச் சொல்கிறேன். கேஷ் விஷயம் நடுவில் வரும். அதன் முடிவு எனக்கும் மாமாவுக்கும் ஆளுக்குப் பாதி வெற்றி.

முதலில் வருடம்

எந்தச் சொல்லை எடுத்தாலும் அது ஆங்கிலத்தில் முதன்முதலாக எழுத்தில் அகப்படும் வருடத்தைப் பாருங்கள். இதற்கென்றே எழுப்பிய மாளிகை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1857இல் பேச்சு எடுத்து, 1884இல் முதல் பகுதி அச்சாகி, 1928இல்தான் வேலை முடிந்தது. அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே வீட்டுத் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, ஊர் ஊராக வாசகர்கள் எழுதி அனுப்பிய துண்டுச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கியபடி உட்கார்ந்திருந்தார். ஒரு சீட்டில் ஒரு சொல், அது வந்த வாக்கியம், எந்த நூல், எந்த ஆண்டு. அவ்வளவுதான். அந்தச் சீட்டுகள்தான் பின்னால் சாட்சி சொல்கின்றன.

அதன் இணையப் பதிப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். முதல் பதிப்பு பழையதென்றாலும் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கிறது. புதிதாக வருகிறவர்கள் டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்து நடத்தும் எட்டிமான்லைன் தளத்தில் தொடங்கலாம். கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம், பெரும்பாலான சொற்களுக்குப் பத்து வரிக்குள் விஷயம் முடிந்துவிடும். விக்சனரியும் நல்லதுதான். ஆனால் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இடம் என்பதால், அங்கே பார்த்ததை இன்னொரு இடத்தில் சரிபார்த்துக்கொள்வது என் பழக்கம்.

ஒன்றை மறக்க வேண்டாம். அகராதி தரும் வருடம் சொல் பிறந்த வருடமல்ல, எழுத்தில் முதலில் சிக்கிய வருடம். வாயில் அதற்கு முன்பே புழங்கியிருக்கும்.

பதிவை வாசிக்கும் விதம்

அகராதிப் பதிவு பார்க்க ரயில்வே அட்டவணை மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், நமக்குத் தெரிந்த ஒரு சொல்லோடு உள்ளே போகலாம்: அம்பயர்.

இன்றைக்கு அம்பயர். 14ஆம் நூற்றாண்டில் ‘நூம்பேர்’ என்கிற மாதிரி எழுதினார்கள். அதற்கும் பின்னால் போனால் பழைய பிரெஞ்சு ‘நோன்பெர்’. ‘நோன்’ என்றால் அல்ல, ‘பெர்’ என்றால் இணை. இரண்டு தரப்பில் எதற்கும் இணைசேராத மூன்றாம் ஆள். கிரிக்கெட் பார்க்கிற எவருக்கும் இந்த விளக்கம் இனிக்கும். சரி, முன்னால் இருந்த ‘ந’ எங்கே போயிற்று? நமக்கு ‘ஒரு’, ‘ஓர்’ இருப்பதுபோல ஆங்கிலத்தில் ‘அ’, ‘அன்’ இருக்கிறது. ‘அ நூம்பேர்’ என்பதைக் காதில் வாங்கியவர்கள் ‘அன் ஊம்பேர்’ என்று பிரித்துவிட்டார்கள். ‘ந’ முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் முதலில் ‘நாப்ரன்’. அதன் உடன்பிறப்பு நாப்கின் மட்டும் தன் ‘ந’வைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

பதிவில் சில சொற்களுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி தென்படும். அந்த வடிவம் எந்த ஓலையிலும் கல்லிலும் கிடைக்கவில்லை, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் ஊகித்தது என்று அர்த்தம். ஆரம்பத்தில் அந்தக் குறியை நான் கவனிக்காமல், ஊகித்த வடிவத்தை எல்லாம் யாரோ உண்மையில் எழுதிவைத்தது போல மேற்கோள் காட்டித் திரிந்தேன்.

இன்னொரு குழப்பம் உறவுக்கும் கடனுக்கும் இடையில். நாம் சொல்லும் ‘சன்னல்’ போர்ச்சுகீசிய ‘ஜனேலா’விடம் வாங்கிய கடன், அதனால் தமிழும் போர்ச்சுகீசியமும் உறவாகிவிடாது. ஆங்கில ‘ஃபாதர்’, லத்தீன் ‘பாடெர்’, வடமொழி ‘பிதா’ மூன்றும் ஒருவரிடம் ஒருவர் வாங்கியவை அல்ல, ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

சன்னல் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆங்கில ‘விண்டோ’ வடக்கு ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது: ‘விண்ட்ஆகா’, அதாவது காற்றுக்கண். அது வந்து சேரும்முன் ஆங்கிலேயர்கள் கண்துளை என்று பொருள்படும் ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். நம்மிடமும் ‘காலதர்’ இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் ‘மான்கண் காலதர்’ என்றே வருகிறது. அங்கேயும் கண்ணும் காற்றும், இங்கேயும் கண்ணும் காற்றும். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. சுவரில் ஓட்டை போட்டு அதன் வழியே பார்த்த மனிதனுக்கு எந்த ஊரிலும் ஒரே யோசனைதான் வந்திருக்கிறது.

பின்னால் போனால் நெருங்குகிறதா, விலகுகிறதா?

வாட்ஸப் பட்டியலில் கேஷுக்கு அடுத்து நிச்சயம் இருப்பது ‘ஒன்று, வன்’, ‘எட்டு, எய்ட்’. ஓசை ஒட்டத்தான் செய்கிறது. இங்கேதான் இரண்டாவது கேள்வி உதவும். இரண்டு சொல்லையும் அதனதன் பழைய வடிவத்துக்குப் பின்னோக்கி நடத்திப் பாருங்கள். உண்மையான உறவென்றால் பின்னால் போகப் போக நெருங்க வேண்டும்.

எட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில ‘எய்ட்’ எழுத்தில் இன்றும் நடுவே ஒலிக்காத இரண்டு எழுத்துகளைச் சுமந்துகொண்டிருக்கிறது. அவை ஒரு காலத்தில் தொண்டையில் உரசி ஒலித்தவை. பழைய ஆங்கிலத்தில் ‘எயஹ்தா’, ஜெர்மனில் ‘அஹ்ட்’, லத்தீனில் ‘ஒக்தோ’, வடமொழியில் ‘அஷ்ட’. பின்னால் போகப் போகக் ககர ஒலி வலுக்கிறது. இப்போது தமிழுக்கு வாருங்கள். எண்பது, எண்ணூறு, எண்திசை. எட்டின் அடியில் இருப்பது ‘எண்’. கன்னடத்தில் ‘எண்டு’. இந்தப் பக்கம் பின்னால் போகப் போக ணகரம் வலுக்கிறது. அங்கே க், இங்கே ண். கிளையில் உரசிக்கொண்ட இரண்டு மரங்கள், வேரில் வெகுதூரம்.

‘வன்’ இன்னும் மோசம். அந்த வகர ஒலியே இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஏதோ ஒரு வட்டார வழக்கிலிருந்து பரவியது. அதற்கு முன் ‘ஓன்’ என்பது போலத்தான் ஒலித்தது. அந்தப் பழைய ஓசையை ‘அலோன்’, ‘ஓன்லி’ இரண்டிலும் இன்றும் கேட்கலாம். இரண்டுக்குள்ளும் இருப்பது அதே ஒன்றுதான்.

இன்னொரு பக்கம், மெய்யான உறவுக்காரர்கள் பெரும்பாலும் முகஜாடையே இல்லாமல் இருப்பார்கள். 1822இல் யாக்கோப் கிரிம் என்ற ஜெர்மன் அறிஞர் வகுத்துச் சொன்ன விதி இது: மற்ற உறவு மொழிகளில் பகரம் இருக்கும் இடத்தில் ஆங்கிலக் குடும்பத்தில் ஃபகரம் வரும், தகரம் இருக்கும் இடத்தில் மூச்சோடு கூடிய வேறொரு தகரம், ‘த’வின் மென்மையான ஒலிக்கு ‘ட’. பிதாவுக்கு ஃபாதர், பாதத்துக்கு ஃபுட், தந்தத்துக்கு டூத், தசத்துக்கு டென். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது. வரிசையாக நிறுத்தினால் ஒரே தடம். ஆகவே ஒற்றை ஜோடியைக் காட்டி யாராவது உறவு கொண்டாடினால், ‘இதே மாறுதல் வேறு எந்தச் சொல்லில் நடந்தது?’ என்று கேளுங்கள். கில், கொல் என்பார்கள். அடுத்த ஜோடிக்குத் திணறுவார்கள்.

தற்செயல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபரத்தில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்தில் வாங்கியதல்ல. ‘குடாகா’ என்ற மாதிரியான ஒரு பழைய சொல் தேய்ந்து தேய்ந்து அந்த ஓசைக்கு வந்து நின்றது.

வந்த வழி

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. சொல் காற்றில் பறந்து வராது; யாராவது கப்பலில் ஏற்றி, வாயில் போட்டுக் கடித்துக் கொண்டுவர வேண்டும். தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்துக்குப் போனது நிஜம்தான். போன வழியில் பெரும்பாலும் போர்ச்சுகீசியர் நிற்கிறார்கள். அவர்கள் 1498இலேயே கோழிக்கோட்டில் இறங்கிவிட்டவர்கள். கறி 1598இலேயே ஆங்கில அச்சில் தலைகாட்டிவிடுகிறது, லின்ஸ்கோட்டன் என்ற டச்சுப் பயணியின் நூலை மொழிபெயர்த்தபோது. அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான், 1600 டிசம்பர் 31 அன்று, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ராணியின் பட்டயமே கிடைக்கிறது. ‘வெள்ளைக்காரன் வரும்முன் எப்படிப் போயிருக்கும்’ என்ற மாமாவின் வாதத்துக்கு இங்கே ஓர் ஓட்டை. அதனால் வருடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

சுருட்டு ‘செரூட்’ ஆனது. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ என்று பருப்பும் இறைச்சியும் சேர்ந்த சூப்பாகி, நம்மால் அடையாளம் காண முடியாத வேஷத்தில் திரிகிறது. சாணை பிடிக்கும் குருந்தக்கல் ‘கொரண்டம்’ என்று கனிமவியலில் ஏறிவிட்டது. இவற்றை ஓட்டமாகச் சொல்லிவிட்டு, கட்டுமரத்தில் கொஞ்சம் உட்கார்கிறேன்.

1697இல் வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதுகிறார். மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது, அதன்மேல் ஆள் தண்ணீரிலேயே அமர்ந்து போகிறான் என்று. அதே சொல்லை, ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’, இன்று ஓர் ஆங்கிலேயரிடம் சொன்னால் அவர் மனதில் வருவது இரண்டு உடல்களை மேலே பாலம் போட்டு இணைத்த பாய்மரப் படகு. அந்த அமைப்பு பசிபிக் தீவுக்காரர்களின் கைவேலை, நம்முடையதல்ல. 1876இல் நத்தானியேல் ஹெர்ஷாஃப் என்ற அமெரிக்கர் அந்த மாதிரியில் ஒரு படகு கட்டிப் பந்தயத்தில் விட்டு எல்லாரையும் மிரள வைத்தார். பெயர் நம் கரையிலிருந்து, உருவம் அவர்கள் கரையிலிருந்து. ‘கட்டுமரத்தைக் கண்டுபிடித்தது தமிழன், அதுதான் இந்தச் சொகுசுப் படகு’ என்று பெருமை பேசுகிறவர்கள் இங்கே ஒரு நிமிடம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கதை அதோடு முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டில் மூன்று உடல் கொண்ட படகு வந்தபோது அதற்கு ‘ட்ரைமரான்’ என்று பெயரிட்டார்கள். ‘ட்ரை’ என்றால் மூன்று. மிச்சம் இருக்கும் ‘மரான்’? நம் மரம்! கட்டு அவிழ்ந்து மரம் மட்டும் தனியே மிதந்து போய், ஆங்கிலத்தில் ‘படகின் உடல்’ என்று புதுப் பொருளில் கரையேறிவிட்டது.

இனி மாமாவின் கேஷ். அகராதியில் இரண்டு ‘கேஷ்’ இருக்கின்றன. நாம் பர்ஸில் வைத்திருப்பது, 1590களில் பிரெஞ்சு, இத்தாலிய வழியாக வந்தது. இத்தாலியில் ‘காஸா’, அதற்கு முன் லத்தீனில் ‘காப்ஸா’, அதாவது பெட்டி. முதலில் பணப்பெட்டிக்குப் பெயர், பிறகு உள்ளே இருக்கும் பணத்துக்கு. கேஷியர் என்பவர் பெட்டிக்காரர். பெட்டி என்று பொருள்படும் ‘கேஸ்’, மாத்திரை ‘கேப்ஸ்யூல்’ எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். ஆக, மாமா ஜெயித்தார்.

இரண்டாவது கேஷ் தனி ஆள். மதராஸில் கம்பெனிக் காலத்துக் கணக்கில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இந்தக் கேஷ் நம் காசேதான். போர்ச்சுகீசியர் வாயில் ‘கைஷா’வாகி ஆங்கிலத்துக்குப் போனது. அதே பெயரைத் தூர கிழக்குக்கும் கொண்டுபோய், நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்பு நாணயத்துக்கு வைத்துவிட்டார்கள். இன்றும் நாணயம் சேகரிப்பவர்கள் அதைச் ‘சைனீஸ் கேஷ்’ என்றுதான் சொல்கிறார்கள். லண்டன் பெட்டிக்கடைக் கேஷில் தமிழ் இல்லை, பீகிங் சில்லறையில் இருக்கிறது. மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “அப்ப பாதி மார்க் போட்டுக்கோ” என்றார்.

இந்தப் பாதையில் துணைக்கு இரண்டு மூன்று நூல்கள் தேவைப்படும். ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்து 1886இல் வந்த ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’, இந்தியாவில் ஆங்கிலேயர் பேசிய கலவைச் சொற்களின் களஞ்சியம். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அச்சேறியதைப் பார்க்காமலே 1882இல் இறந்துபோனார். தமிழ்ப் பக்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், திராவிட மொழிகளுக்குப் பரோவும் எமனோவும் தொகுத்த சொற்பிறப்பு அகராதி. மூன்றையும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் காசு கொடுக்காமல் தேடலாம். ஆங்கில அகராதியை மட்டும் பார்த்துவிட்டுத் தமிழ்ப் பக்கம் திரும்பாமல் இருப்பதும், தமிழை மட்டும் பார்த்துவிட்டு ஆங்கிலப் பக்கத்தை ஊகிப்பதும் ஒரே தப்பின் இரண்டு பக்கங்கள்.

பொருள் மாறினால் பதற வேண்டாம்

சொல்லைப் பின்தொடர்ந்து போகும்போது பொருள் தலைகீழாகக் கிடப்பதைக் கண்டு, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். ‘நைஸ்’ 1300 வாக்கில் முட்டாள் என்ற வசை. லத்தீன் ‘நெஸ்கியுஸ்’, அறியாதவன். ‘சயின்ஸ்’ வந்த அதே அறிதல் வேரோடு ஓர் ‘இல்லை’ ஒட்டிக்கொண்டது. ‘சில்லி’ நேர் எதிர். ஆசி பெற்றவன் என்று தொடங்கி, அப்பாவி, அப்பிராணி, அசடு என்று இறங்கி வந்தது. நமக்கு இது புதிதா என்ன? ஆண்டாள் காலத்தில் கற்பூரம் நாறும், தாமரை நாறும். இன்று பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

‘டிசாஸ்டர்’ இத்தாலியிலிருந்து வந்தது: கெட்ட நட்சத்திரம். நேரம் சரியில்லை, கிரகம் சரியில்லை என்று நம் வீட்டில் சொல்வதன் ஒற்றைச் சொல் வடிவம்.

ருசியான கதை என்றால் உஷார்

நான் அதிகம் ஏமாந்த இடம் இதுதான். பகட்டான என்று பொருள்படும் ‘போஷ்’ என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. இந்தியாவுக்கு வரும் கப்பலில் வெயில் படாத இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை. பணக்காரர்களின் டிக்கெட்டில் இதற்கான நான்கு சொற்களின் முதலெழுத்துகளை முத்திரை குத்துவார்கள், அந்த எழுத்துகள் சேர்ந்ததே ‘போஷ்’ என்று. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்கூட இதுவரை அகப்படவில்லை. நான்கு திசைகளின் முதலெழுத்து ‘நியூஸ்’, சீக்கிரம் கவனிக்கக் கொடுப்பது ‘டிப்’ என்பவையும் இதே ரகம். முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வது 20ஆம் நூற்றாண்டுக்கு முன் மிக அரிது. பழைய சொல்லுக்கு அப்படி விளக்கம் வந்தால் பத்துக்கு ஒன்பது கட்டுக்கதை.

அந்த மிச்ச ஒன்று ‘ஓகே’. 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் பத்திரிகை ஒன்றில், ‘எல்லாம் சரி’ என்பதை வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு எழுதி, அதன் முதலெழுத்துகளை விளையாட்டாகப் போட்டார்கள். ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர் பழைய பத்திரிகைகளைப் புரட்டி 1960களில் இதை நிறுவினார். கதைக்கும் ஆராய்ச்சிக்கும் வித்தியாசம் இந்தத் தேதிதான்.

புழங்காத சொற்களைத் தேடும்போது

அரிய சொற்கள் புதியவர்களை மயக்கும். அவற்றைத் தேடுவது உண்மையில் சுலபம், ஏனென்றால் பல சொற்களுக்குப் பிறப்புச் சான்றிதழே இருக்கிறது. நமக்கு மண்வாசனை பாட்டி காலத்துச் சொல். ஆங்கிலத்துக்கு அது 1964இல்தான் வந்தது; இஸபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ‘நேச்சர்’ இதழில் ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் ‘பெட்ரா’ கல், ‘இகோர்’ தேவர்களின் நாளங்களில் ஓடும் திரவம். தேடாமலே நல்லது அகப்படுவதைச் சொல்லும் ‘செரண்டிபிட்டி’யை ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1754 ஜனவரி 28 அன்று ஒரு கடிதத்தில் உண்டாக்கினார், இலங்கையின் பழைய அரபுப் பாரசீகப் பெயரான செரண்டிப் அதற்குள் இருக்கிறது.

அகராதியும் சறுக்கும். 1934இல் அமெரிக்காவின் வெப்ஸ்டர் பெரிய அகராதியில் ‘டார்ட்’ என்றொரு சொல், அடர்த்தி என்ற பொருளோடு, அச்சேறியது. அப்படியொரு சொல்லே கிடையாது. அடர்த்தியைக் குறிக்க ‘பெரிய டி அல்லது சின்ன டி’ என்று எழுதியிருந்த சீட்டை ஒரே சொல்லாக வாசித்துவிட்டார்கள். 1939இல் ஒருவர் கண்டுபிடித்தார். எப்படி? அந்தப் பதிவில் மட்டும் சொல்லின் பூர்விகம் எழுதியிருக்கவில்லை.

குறிப்பேடு

ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே சொல், அடுத்து முதல் வருடமும் அன்றைய எழுத்தும், அடுத்து வழி, கடைசியில் எங்கே பார்த்தேன் என்பது. மர்ரேயின் சீட்டு போலத்தான். முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள்: மேங்கோ, டீக், ஏப்ரன், மசில். கடைசிச் சொல்லுக்குள் ஒரு குட்டி எலி ஒளிந்திருக்கிறது, நீங்களே பிடியுங்கள்.

வழி என்ற வரி சில பக்கங்களில் காலியாகவே கிடக்கும். என் குறிப்பேட்டில் ‘டாக்’ அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் நாய்க்கு வழக்கமான சொல் ‘ஹுண்ட்’, இன்றைய ‘ஹவுண்ட்’. அந்தக் காலத்தின் கடைசியில் எங்கிருந்தோ ‘டோக்கா’ வந்து அதைத் துரத்திவிட்டது. எங்கிருந்து என்று கேட்டால் ஆக்ஸ்ஃபோர்டும் கைவிரிக்கிறது. போன பொங்கலுக்கு வந்திருந்த மாமா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “இதையும் நம்ம சொல்லுன்னு எவனாவது அனுப்புவான், பாரு” என்றார். ஏப்ரலுக்குள் வந்துவிட்டது.